நிலத்துக்கடியில் ஆறு ஓடுகிறதா?

கேள்வி: எங்கள் தோட்டம் பல்லடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பழைய போர் இரண்டும் வற்றிவிட்டன. புதிதாக 900 அடிக்குப் போட்டோம். கடைசி வரை புழுதிதான் பறந்தது. நீரோட்டம் பார்க்கும் பெரியவர் ஒருவர், "கீழே ஆறே ஓடுது, இன்னும் இருநூறு அடி போனா பிடிச்சிரலாம்" என்கிறார். அப்பா அதை நம்பி அம்மாவின் நகையை அடகு வைக்கப் போகிறார். எங்கள் ஊர்க் கோயிலிலிருந்து பல மைல் தூரத்துக்குச் சுரங்கம் போகிறது, அந்த ஆறு அதன் வழியாகத்தான் ஓடுகிறது என்றும் ஊரில் சொல்கிறார்கள். உண்மையிலேயே நிலத்துக்குள் ஆறு ஓடுமா? ஈரானில் சுரங்கம் வெட்டியே பாலைவனத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்களாமே, அதை நம் ஊரிலும் செய்ய முடியுமா?

– வாசகி, திருப்பூர் மாவட்டம்

பதில்: முதலில் அப்பாவிடம் சொல்லுங்கள்: நகை வீட்டிலேயே இருக்கட்டும். காரணத்தைக் கீழே விரிவாக எழுதுகிறேன். இந்தப் பதிலை அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

நிலத்துக்கடியில் ஆறு ஓடுவது கட்டுக்கதை இல்லை. ஆனால் அதற்குச் சுண்ணாம்புப் பாறை வேண்டும். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த நீர் சுண்ணாம்புப் பாறையின் விரிசல்களில் இறங்கி, லட்சக்கணக்கான ஆண்டுகளாகப் பாறையைக் கரைத்துக் குகையாக்குகிறது. பிலிப்பைன்ஸின் பலவான் தீவில் புவெர்ட்டோ பிரின்செசா என்ற இடத்தில் இப்படி உருவான நிலத்தடி ஆறு 8 கிலோமீட்டருக்கு மேல் மலைக்குள்ளேயே ஓடிக் கடலில் கலக்கிறது. படகில் ஏறி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரலாம். ஸ்லோவேனியாவில் ரேக்கா என்ற ஆறு ஷ்கோச்சியன் குகைக்குள் நுழைந்து மறைந்து, முப்பது கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இத்தாலியில் திமாவோ என்ற பெயரில் ஊற்றாக வெளியே வருகிறது. இரண்டும் ஒரே தண்ணீர்தானா என்று அறிய, ஆராய்ச்சியாளர்கள் ஒரு முனையில் வேதிப்பொருள்களைக் கலந்துவிட்டு மறுமுனையில் சோதித்தார்கள். அடையாளமிட்ட விலாங்கு மீன்களையும் விட்டுப் பார்த்தார்கள்.

தமிழர் நிலத்திலும் இதற்கு ஓர் இடம் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புப் பாறை மேல் அமர்ந்திருக்கிறது. அங்கே பெரிய ஆறு எதுவும் கிடையாது. பெய்யும் மழை பாறைக்குள் இறங்கி, பிலம் எனப்படும் பாறைக் குழிகளிலும் கீரிமலை போன்ற கரையோர ஊற்றுகளிலும் வெளிப்படுகிறது. நிலாவரைக் கிணற்றில் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதந்து வரும் என்று அங்குள்ள பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் கதை நடந்ததோ இல்லையோ, தண்ணீர் பாறைக்குள் ஊர்ந்து போகிறது என்பதை அவர்கள் சரியாகவே கண்டுகொண்டிருக்கிறார்கள். அந்தக் கிணற்றில் மேல்மட்டத்து நீர் நல்ல தண்ணீர். ஆழத்தில் இருப்பது உப்புநீர். மேலே உள்ளதை அளவுக்கு மீறி இறைத்தால் கீழே உள்ள உப்பு ஏறிவிடும்.

உங்கள் பல்லடத்தின் கதை வேறு. தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு கடினப் பாறை. உங்கள் பகுதியும் அதில்தான் இருக்கிறது. அந்தப் பாறை தண்ணீரில் கரையாது. அதில் குகையும் இல்லை, குகையில் ஓடும் ஆறும் இல்லை. தண்ணீர் இரண்டே இடங்களில் இருக்கும். ஒன்று, மேலே உக்கிப்போன பாறை. இரண்டு, அதற்குக் கீழே உள்ள விரிசல்கள். ஆழம் போகப் போக, மேலே உள்ள பாறையின் எடை விரிசல்களை இறுக்கிவிடுகிறது. அதனால் ஆழமாகத் துளைத்தால் நிறையத் தண்ணீர் என்ற கணக்கு இங்கே பெரும்பாலும் பலிப்பதில்லை. ஆயிரம் அடியில் சில நேரம் தண்ணீர் கிடைக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அது நெடுங்காலமாகச் சிறுகச் சிறுக அந்த விரிசலில் சேர்ந்த இருப்பு. மோட்டாரைப் போட்டு இறைத்தால் குறுகிய காலத்தில் தீர்ந்துவிடும்; திரும்ப நிறைவதற்கு மேலேயிருந்து வழி இருக்காது. "கீழே ஆறு ஓடுது" என்று சொல்பவர் ஏமாற்றுவதற்காகச் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அவர் சொல்லும் ஆறு அங்கே இல்லை.

இனி ஈரானுக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். மனிதன் நிலத்துக்கடியில் செய்த வேலைகளில் இதற்கு ஈடாக வேறொன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

அந்தச் சுரங்கத்தின் பெயர் கனாத். ஈரானின் நடுப்பகுதி வறண்ட சமவெளி. ஓரங்களில் பனி பெய்யும் மலைகள். பனி உருகி ஓடிவரும் நீர் மலையடிவாரத்துச் சரளை மண்ணில் இறங்கிவிடுகிறது. ஊரோ பல கிலோமீட்டர் தள்ளி, தாழ்வான இடத்தில் இருக்கிறது. திறந்த வாய்க்கால் வெட்டினால் பாதி நீர் வெயிலிலேயே போய்விடும். அதனால் அடிவாரத்தில் முதலில் ஓர் ஆழமான கிணறு தோண்டி, நீர்மட்டம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பார்கள். அதுதான் தாய்க்கிணறு. பிறகு ஊரிலிருந்து அந்தக் கிணற்றை நோக்கிச் சுரங்கத்தை வெட்டிக்கொண்டே போவார்கள். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வெட்டினால் முதல் நாளே தண்ணீர் ஆளை மூழ்கடித்துவிடும். பள்ளத்திலிருந்து மேட்டுக்குப் போனால், நீர் கிடைக்கும்போது அது தானாகவே பின்னால் வடிந்துவிடும்.

சுரங்கம் ஒரு மனிதன் குனிந்து நடக்கும் அளவுதான். சரிவு ஆயிரம் அடிக்கு ஓர் அடி, சில இடங்களில் அதைவிடவும் குறைவு. சரிவு கூடினால் ஓடும் நீர் சுவரை அரித்துச் சுரங்கம் இடியும். குறைந்தால் வண்டல் படிந்து அடைத்துக்கொள்ளும். பல கிலோமீட்டருக்கு இருட்டுக்குள் அந்தச் சரிவைத் தவறாமல் காப்பாற்றியவர்கள் முகன்னி என்று அழைக்கப்பட்ட சுரங்கத் தொழிலாளர்கள். அப்பனிடமிருந்து மகனுக்கு வந்த தொழில் அது. கையில் குட்டையான கடப்பாறை. பக்கத்தில் விளக்கெண்ணெய் விளக்கு. வரிசையாக வைத்த விளக்குகள் சுரங்கம் நேராகப் போகிறதா என்பதைக் காட்டும். விளக்கின் சுடர் மங்கினால் காற்று கெட்டுவிட்டது, உடனே மேலே ஏறு என்று பொருள். மண் இளகிய இடங்களில் சுட்ட மண் வளையங்களை நிறுத்துவார்கள். நம் உறைக்கிணற்று உறை மாதிரிதான், ஆனால் ஆள் நுழையும்படி முட்டை வடிவில் இருக்கும். பல முகன்னிகள் வெள்ளை உடை உடுத்திக்கொண்டுதான் உள்ளே இறங்கினார்கள். இருட்டில் ஆள் தெரியவேண்டும் என்பது ஒரு காரணம். மண் சரிந்து உள்ளேயே இறந்துபோனால் அதுவே கோடித்துணியாக இருக்கட்டும் என்பது இன்னொன்று.

சில பத்து மீட்டருக்கு ஒருமுறை மேலிருந்து நேராக ஒரு குழி இறக்குவார்கள். காற்று வர அது வேண்டும். வெட்டிய மண்ணைத் தோல்பையில் கட்டிக் கையால் சுற்றும் ராட்டினத்தில் மேலே தூக்கவும் அதுவே வழி. தூக்கிய மண்ணைக் குழியின் வாயைச் சுற்றி வட்டமாகக் குவித்துவிடுவார்கள். திடீர் மழை வெள்ளம் குழிக்குள் பாயாமல் அந்தக் கரை தடுக்கும். விமானத்திலிருந்து பார்த்தால் பாலைவனத்தில் எறும்புப் புற்றுகள் வரிசை கட்டி மலையை நோக்கிப் போவது போலத் தெரியும்.

இந்தக் குழிகளை வைத்தே உங்கள் ஊர்க் கோயில் சுரங்கத்தையும் எடைபோடலாம். பல மைல் நீளத்துக்கு ஆள் நடக்கும் சுரங்கம் என்று யாராவது சொன்னால் நான் இரண்டு கேள்வி கேட்பேன். காற்று எங்கிருந்து வந்தது? வெட்டிய மண்ணையும் கல்லையும் எங்கே கொட்டினார்கள்? கோயில்களில் நிலவறைகள் உண்டு, தெப்பக்குளத்துக்கு நீர் கொண்டுவரும் மூடிய கால்வாய்கள் உண்டு, கோட்டைகளில் தப்பிச் செல்லும் குறுகிய வழிகளும் உண்டு. ஆனால் நடுவில் ஒரு காற்றுக்குழிகூட இல்லாமல், கடினப் பாறைக்குள் மைல் கணக்கில் போகும் சுரங்கத்தை என்னால் நம்ப முடியாது. 1895-இல் திறக்கப்பட்ட முல்லைப்பெரியாறு சுரங்கத்தை எண்ணிப் பாருங்கள். மேற்கே போகும் ஆற்றை மலையைக் குடைந்து கிழக்கே வைகைக்குத் திருப்பிய வேலை அது. நீளம் ஒரு மைலுக்குச் சற்றுத்தான் அதிகம். வெடிமருந்தும் அரசாங்கத்தின் பணமும் இருந்தும் அவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது.

கனாத் எவ்வளவு பழையது? ஈரானின் கோனாபாத் ஊரிலுள்ள கஸபே கனாத்துக்கு 2,500 ஆண்டு வயது இருக்கும் என்று கருதுகிறார்கள். நீளம் சுமார் 33 கிலோமீட்டர், தாய்க்கிணற்றின் ஆழம் ஏறத்தாழ 300 மீட்டர். இன்றும் தண்ணீர் வருகிறது. யாஸ்த் அருகே ஸார்ச் கனாத் 70 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. அர்தெஸ்தானில் ஒரே கனாத் இரண்டு அடுக்காக இருக்கிறது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சுரங்கங்கள், ஒன்றின் நீர் மற்றொன்றில் கலக்காதபடி வெட்டியிருக்கிறார்கள். 2016-இல் யுனெஸ்கோ இவை உள்பட 11 கனாத்களை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதிவைத்த ஒரு செய்தி எனக்கு மறக்காது. தண்ணீர் இல்லாத நிலத்துக்கு நீர் கொண்டுவருபவருக்கும் அவர் வழிவந்தவர்களுக்கும், ஐந்து தலைமுறைக்கு அந்த நிலத்தில் பயிர் செய்யும் உரிமையைப் பாரசீக அரசர்கள் கொடுத்தார்கள் என்கிறார் அவர். யோசித்துப் பாருங்கள். தாத்தா தொடங்கிய சுரங்கத்தில் பேரன் காலத்தில்தான் நீர் வரலாம். ஐந்து தலைமுறைக்கு உறுதி கிடைத்தால்தான் யாரும் கடப்பாறையை எடுப்பார்கள். அதே பொலிபியஸ் போரையும் சொல்கிறார்: கி.மு. 209 வாக்கில் செலூக்கிய அரசன் மூன்றாம் ஆன்டியோகஸ் படையெடுத்து வந்தபோது, பார்த்திய அரசன் அர்சாசிஸ் தன் நாட்டுக் குழிகளையே தூர்க்கச் சொன்னான். எதிரியின் படைக்குத் தாகம் தீரக்கூடாது என்பது எண்ணம். இருபதாம் நூற்றாண்டில் ஆப்கானிஸ்தானில் சோவியத் படைகளுக்கு எதிராகப் போரிட்டவர்கள் இதே வகைச் சுரங்கங்களில்தான் பதுங்கினார்கள். அங்கே இதற்குக் காரேஸ் என்று பெயர்.

ஆனால் பெரும்பாலான கனாத்களின் கதை போர்க்கதை இல்லை, அன்றாடக் கதை. யாஸ்தில் வீட்டிலிருந்து படிக்கட்டு இறங்கிப் போய்ச் சுரங்க நீரை மொள்வார்கள். கோடையில் அந்தப் படிக்கட்டு அறையில்தான் பகல் உறக்கம். கூரைமேல் காற்றுக்கோபுரம் வைத்து, கீழே ஓடும் நீரின் குளிர்ச்சியால் வீட்டையே குளிர வைத்தார்கள். நிலத்துக்கடியிலேயே தண்ணீர் விழும் இடத்தில் மாவு அரைக்கும் ஆலை வைத்தார்கள். வெளியே வந்த நீர் முதலில் குடிக்க, பிறகு துவைக்க, கடைசியில் வயலுக்கு. வயலுக்குப் போகும் முறையை நேரத்தால் பங்கிட்டார்கள். ஒரு பெரிய பாத்திரத்து நீரில் அடியில் துளையிட்ட செம்புக் கிண்ணத்தை மிதக்க விடுவார்கள். அது நிறைந்து மூழ்கினால் ஒரு பங்கு முடிந்தது. நம்மிடமும் இருந்த நாழிகை வட்டில்தான் இது. ஊரார் தேர்ந்தெடுத்த ஒருவர் இரவும் பகலும் அதன் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவார்.

இந்த நுட்பம் ஈரானோடு நிற்கவில்லை. கிழக்கே சீனாவின் துர்ஃபான் வரையிலும், மேற்கே மொராக்கோ, ஸ்பெயின் வரையிலும் இதே வகைச் சுரங்கங்கள் இருக்கின்றன. நம் நாட்டில் மத்தியப் பிரதேசத்தின் புர்ஹான்பூரில் 1615-இல் அப்துர் ரஹீம் கான்-இ-கானான் காலத்தில் பாரசீக நிபுணரைக் கொண்டு குந்தி பண்டாரா அமைக்கப்பட்டது. சாத்பூரா மலையடிவாரத்து நீரை ஊருக்குக் கொண்டுவந்த அந்தச் சுரங்கத்தில் இன்றும் தண்ணீர் ஓடுகிறது. கர்நாடகத்தின் பீதரிலும் ஒரு காரேஸ் இருக்கிறது.

நமக்கு இன்னும் பக்கத்தில், காசர்கோடு, தென்கன்னட மாவட்டங்களில், செம்புரைப் பாறைக் குன்றுகளைப் பக்கவாட்டில் குடைந்து நீர் எடுக்கும் சுரங்கங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. இவை அரசர்கள் வெட்டியவை அல்ல, தோட்டக்காரர்கள் வெட்டியவை. தென்கன்னடத்தின் அமை மகாலிங்க நாயக் ஒரு கூலித் தொழிலாளி. கிடைத்த மேட்டு நிலத்தில் தன்னந்தனியாகச் சுரங்கம் தோண்டினார். முதலில் தோண்டியவற்றில் சொட்டு நீர்கூட இல்லை. விடாமல் தோண்டி நீரைக் கண்டு, தரிசைப் பாக்குத் தோட்டமாக்கினார். 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுக்கப்பட்டது. பத்மஸ்ரீ பட்டியலைப் படித்தபோது எனக்குக் கண் நிறைந்த பெயர்களில் அது ஒன்று. நம் பாலாற்றிலும் இதுபோல ஊற்றுக்கால் என்று ஒன்று இருந்தது. ஆற்று மணலுக்குள் ஊர்ந்துபோகும் நீரைச் சரிவாக ஒரு கால் வெட்டிக் கரைக்குக் கொண்டுவந்து வயலில் விடுவது. ஊரே கூடி மணல் வாரிப் பராமரித்த அந்தக் கால்களில் பல, மணல் அள்ளியதாலும் மோட்டார்களாலும் வறண்டு போயின.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு. கனாத் தண்ணீரை இறைப்பதில்லை. சுரங்கத்தின் மட்டத்துக்கு மேலே உள்ள நீர் மட்டும் தானாக வடிந்து வரும். பனியும் மழையும் குறைந்த ஆண்டில் ஓட்டமும் குறையும். கூடிய ஆண்டில் கூடும். மலை கொடுப்பதற்கு மேல் ஒரு குடம்கூட எடுக்க அதனால் முடியாது. நூற்றாண்டுக் கணக்கில் அது வற்றாமல் ஓடியதற்கு இதுவே காரணம்.

ஈரான் அதைக் கைவிட்ட கதையையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை டெஹ்ரான் நகரமே கனாத் நீரைத்தான் குடித்தது. 1960-களின் நிலச் சீர்திருத்தத்தில் பெரிய நிலக்கிழார்களின் நிலம் பிரிக்கப்பட்டது. அது தேவையான சீர்திருத்தம்தான். ஆனால் கனாத்துக்குத் தூர் எடுக்கும் செலவைச் சுமந்தவர்கள் போனபின் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ள யாரும் நியமிக்கப்படவில்லை. அதே காலத்தில் ஆழ்துளைக் கிணறும் பம்பும் வந்தன. ஒருவர் ஆழ்துளைக் கிணறு போட்டதும் பக்கத்துக் கனாத்தின் நீர்மட்டம் இறங்கியது. கனாத் வறண்டவர் தானும் ஒரு துளை போட்டார். இன்று டெஹ்ரானைச் சுற்றியுள்ள சமவெளியில் சில இடங்களில் நிலம் ஆண்டுக்கு 20 சென்டிமீட்டருக்கு மேல் அமிழ்கிறது. நீர் இருந்த இடம் காலியாகி மண் இறுகியதால் வந்த வினை அது. அப்படி இறுகிய மண்ணில் பழைய அளவுக்கு நீர் மறுபடி சேராது. உங்கள் தோட்டத்துப் பழைய போர்கள் வற்றிய கதையும் ஏறக்குறைய இதேதான், பாறை வேறு என்பதைத் தவிர.

பல்லடத்தில் கனாத் வெட்ட முடியுமா என்றால், முடியாது. பக்கத்தில் உயரமான மலையும், அதன் அடிவாரத்தில் தடித்த சரளை மண்ணும், ஊரைவிட மேட்டில் நீர்மட்டமும் வேண்டும். உங்களிடம் மூன்றும் இல்லை. ஆனால் கிடைமட்டமாகப் போய் நீரைத் தேடும் வழி உங்கள் பகுதி விவசாயிகளுக்குப் புதிதல்ல. திறந்த கிணற்றுக்குள் சிறிய எந்திரத்தை இறக்கிச் சுவரில் சைடு போர் போடுகிறார்களே, அது அதே யோசனைதான். பாறையில் பல விரிசல்கள் செங்குத்தாக இருக்கும். மேலிருந்து போடும் போர் இரண்டு விரிசலுக்கு நடுவே இறங்கி, இரண்டையும் தொடாமல் ஆயிரம் அடி போய்விடலாம். பக்கவாட்டில் போடும் துளை ஒவ்வொரு விரிசலையும் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும்.

உங்கள் தோட்டத்தில் பழைய திறந்த கிணறு இருந்து, அதைக் குப்பைக் குழியாக விட்டிருந்தால், முதலில் அதைத் தூர்வாருங்கள்; நகையை அடகு வைத்து வாங்க நினைத்த பணத்தில் ஒரு சிறு பங்குதான் அதற்கு ஆகும். தோட்டத்தின் மேட்டிலிருந்து ஓடும் மழைநீரைத் தேக்க ஒரு பண்ணைக்குட்டை வெட்டுங்கள். மேல்பாறை நனைந்தால்தான் கிணற்று விரிசலுக்கு நீர் வரும். சைடு போர் அதற்குப் பிறகு. வற்றிய போரில் மழைநீரை விடலாம். ஆனால் மணலும் ஜல்லியும் நிரப்பிய வடிகட்டுக் குழி வழியாகத்தான் விட வேண்டும். சாயக்கழிவோ சாக்கடையோ கலக்கும் ஓடைத் தண்ணீரை எந்தக் காரணத்துக்காகவும் அதில் இறக்காதீர்கள். புதிதாக எதையும் துளைப்பதற்கு முன் வேளாண்மைப் பொறியியல் துறையில் மனுக் கொடுத்து மின்தடை ஆய்வு செய்யச் சொல்லுங்கள். கட்டணம் சிறிய தொகைதான். அந்த ஆய்வும் ஆற்றைக் காட்டாது. உக்கிய பாறை எவ்வளவு ஆழத்துக்கு இருக்கிறது, விரிசல் எங்கே இருக்கலாம் என்பதைக் காட்டும். அந்தத் தாள் கையில் வரும் வரை போர் வண்டிக்காரருக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.